நூறு எழுதி எண்பது வாங்கும் கணக்கு

அக்கா வேலை செய்யும் கூடத்தை விற்கப் போவதாகச் சொல்ல வந்த அன்று, கட்டட முதலாளியின் முகத்தில் இருந்த துக்கத்தைப் பார்த்து நானே ஒரு நிமிடம் ஏமாந்துவிட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத அழுகை. தொண்ணூறாயிரம் என்றார். வாங்குவதற்கு வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம். ஆனாலும் பதினோரு வருடமாக வாடகை தவறாதவள் என்பதால் முதல் உரிமை அக்காவுக்குத்தானாம், அவளுக்காக மூன்று மாதம் பொறுப்பாராம். அதற்குள் பணத்தோடு வந்தால் கூடம் அவளுக்கு. வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பதினோரு வருடத்தில், ஒழுகுகிற கூரைக்கு அடியில் வைக்க ஒரு வாளி வாங்கித் தராத மனிதர், 'உரிமை' என்று சொல்லும்போது மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவனிடம் வரிசைக் கதை விடக் கூடாது. அந்தக் கூடத்துக்குத் தெருவைப் பார்த்த வாசல் கிடையாது. பக்கச் சந்தில் நுழைந்து, சோபாவை நிமிர்த்தி, நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக முடியும். உள்ளே நட்ட நடுவில் ஒரு தூண். பேய் பிடித்தவன்கூட வந்து கேட்காத இடம்.

ஆனால் அக்காவுக்கு அது பொருந்தியிருந்தது. அவள் நாற்காலிகளுக்கு உறை மாற்றுகிறவள். முடிதிருத்தும் கடை நாற்காலி, பல் டாக்டர் நாற்காலி, சாப்பாட்டுக் கடை இருக்கைகள் என்று நாலு தெருவில் யாருடைய பின்புறம் எதன்மேல் உட்கார்ந்தாலும் அது அவள் தைத்ததாக இருக்கும். கிழிந்த ரெக்சினை உரித்து, செத்துப்போன ஸ்பாஞ்சை எறிந்து, புதிதாக வெட்டி, தைத்து, இழுத்துப் பிடித்து அடிப்பது வரை ஒரே ஆள். ஊசி அடிக்கும் துப்பாக்கிக்குக் காற்றுத் தள்ளும் கம்ப்ரசரின் சத்தத்துக்குச் சண்டைக்கு வர அங்கே யாரும் இல்லை. ஒரு பக்கம் அச்சகம், மறு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்கு.

கூடம் போனால் அவள் திரும்பிப் போக ஒரே இடம்தான் உண்டு: எங்கள் குடும்பத் துணிக்கடை. அங்கே பெரியண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய தங்கை ஒரு நாள் திரும்பி வருவாள், அன்றைக்கு "வந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காகவே பதினோரு வருடமாக எழுந்திருக்காமல் இருக்கிறவர். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதைவிடத் தூணில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்றாள் அக்கா. அவளிடம் இருந்தது இருபதாயிரம். மீதிக்கு பேங்க். பேங்க் என்றால் கணக்கு கேட்பார்கள். ஒரு வருடக் கணக்கு, பக்கம் பக்கமாக, அச்சடித்து.

அக்காவின் கணக்கு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் இருந்தது. கதவு அளவு ஸ்பாஞ்சு, சுவரோரம் சாய்த்து வைத்தது. அதில் பில்களைக் குண்டூசியால் குத்தியிருப்பாள். இடது பாதி பணம் வராதவை, வலது பாதி வந்தவை. பணம் வந்ததும் பில் இடமிருந்து வலம் போகும். பார்த்த மாத்திரத்தில் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். உலகத்தில் எந்த பேங்க் கண்டுபிடித்த கணக்கும் அத்தனை தெளிவு இல்லை. ஆனால் ஸ்பாஞ்சைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போக முடியாது.

அந்த பில்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பில் என்பது விலை அல்ல. விலை பேசத் தொடங்கும் இடம். எண்பது வாங்க வேண்டும் என்றால் நூறு எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். அவர் முகம் சுளிப்பார், போன முறை தைத்தது பிரிந்துவிட்டது என்பார், பக்கத்துத் தெருவில் அறுபதுக்குச் செய்கிறார்கள் என்பார். கடைசியில் எண்பது. இருவருக்கும் திருப்தி. ஆனால் பில்லில் நூறை அடித்து எண்பது என்று ஒருநாளும் திருத்தக் கூடாது. திருத்தினால் அடுத்த முறை பேச்சு எண்பதில் தொடங்கும். மூன்று தலைமுறையாக நாங்கள் இப்படித்தான் நூறு எழுதி எண்பது வாங்கினோம். அதில் யாரும் ஏமாந்ததில்லை, ஏனென்றால் யாரும் நம்பியதில்லை.

கணக்கு எழுத ஆள் தேடியபோது, பக்கத்து அச்சகக்காரர் ஒரு அம்மாளைச் சொன்னார். சலவைக் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறிப் போனால் ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு அம்மாள். சுருக்கம் விழாத சட்டை, கயிறு கட்டிய கண்ணாடி. மாதம் நானூறு என்றார். ஒரு வருடப் பழைய கணக்கை எழுத இரண்டாயிரம் தனி. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருநூறு என்றேன். நானூறு என்றார். சரி, யாருக்கும் வேண்டாம், இருநூற்றைம்பது என்றேன். மேசைமேல் இருந்த ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் நானூறு என்று அச்சடித்திருந்தது. அந்த நிமிடமே எனக்கு அந்த அம்மாள்மேல் ஓர் இளக்காரம் வந்துவிட்டது. அச்சடித்த விலையைக் காட்டுகிறவருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும்? கறார் அம்மா என்று அங்கேயே பெயர் வைத்தேன்.

பிறகு எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த வித்தையைச் செய்தேன். எழுந்து, வருத்தமாக ஒரு பெருமூச்சு விட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். எட்டு அடிக்குள் கூப்பிடாத வியாபாரி பிறக்கவில்லை என்பார் அப்பா. எட்டாவது அடியில் நாங்கள் மூன்றாம் படியில் நின்றோம். கீழே சலவைக் கடையின் ஆவி மேலே வந்துகொண்டிருந்தது. மேலே பேனா ஓடும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"கூப்பிட மாட்டாங்க போலிருக்குடா," என்றாள் அக்கா.

கூப்பிடாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டுவிட்டு இறங்கினேன்.

அடுத்து வந்தவன் எனக்குப் பிடித்த ஆள். கணினியிலேயே கணக்கு எழுதும் கம்பெனி ஒன்றின் விற்பனையாள். காலணியைப் பளபளவென்று துடைத்து, பல்லையும் அப்படியே துடைத்து வந்திருந்தான். அவர்களிடம் விலை கிடையாதாம், திட்டங்கள்தாமாம். விதை, செடி, மரம் என்று மூன்று. விதைக்கு மாதம் நூற்றைம்பது, செடிக்கு முந்நூறு, மரத்துக்கு அறுநூறு. பில்லைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், மீதியெல்லாம் தானாக நடக்கும் என்றான். கணக்கு எழுதப் போகிறவன் தோட்டக்காரன் மாதிரி பேசுகிறானே என்று நினைத்தேன். ஆனால் அவன் பேரத்துக்கு வந்தான். அதுதான் முக்கியம். இரண்டு மணி நேரம், மூன்று டீ. இடையில் ஒருமுறை அவன் தன் மேலதிகாரியோடு போனில் பேசுவதுபோல் நடித்தான். நானும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தூண் வரை நடந்தேன். ஆறாவது அடியில் கூப்பிட்டான்.

முடிவில் விதையின் விலைக்கு மரத்தை வாங்கினேன். மரத்தில் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அறுநூறு மதிப்புள்ளது நூற்றைம்பதுக்கு வருகிறது. உள்ளே என்ன இருந்தால் என்ன. அன்று அக்காவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை.

அக்கா ஸ்பாஞ்சிலிருந்து இருநூற்றுப் பதினாலு பில்களையும் பிடுங்கி, வெட்டும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பினாள். பேங்கில் விழுந்த பணத்தின் விவரத்தை அவர்கள் நேராகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் கணக்கு வந்தது. வண்ணப் படங்கள், வட்டங்கள், ஏறுமுகமாக ஒரு கோடு. கெடுவில் ஆறு வாரம் போயிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு பெரிய பேங்குக்குப் போனோம். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்தால் குளிரில் பல் தந்தியடிக்கும். கடன் கேட்க வருகிறவன் நடுங்கிக்கொண்டே கேட்கட்டும் என்று வைத்திருப்பார்கள் போல. எண் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அக்கா இருக்கையின் அடியில் கையை விட்டுப் பார்த்து, மட்டமான ஸ்பாஞ்சு, ஆறு மாதம் தாங்காது என்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்து டை கட்டிய அதிகாரி கூப்பிட்டார். கழுத்தில் டை இறுகியிருந்த இறுக்கத்தில் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. வண்ணப் படங்களைப் பார்த்து மகிழ்ந்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மகிழ்ச்சி போய்விட்டது.

"மேடம், இருநூத்திப் பதினாலு பில். அதுல ஒரு பில்லுக்குக்கூட முழுப் பணம் வரலையே. எல்லாமே பாக்கி நிக்குது."

"அது பாக்கி இல்ல சார்," என்றாள் அக்கா. "அது பேரம்."

"பேரத்துக்கு எங்க சிஸ்டத்துல கட்டம் இல்ல மேடம்."

நான் குறுக்கே பாய்ந்து, நூறு எழுதி எண்பது வாங்கும் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். எங்கள் கடையின் பழமையைச் சொன்னேன். அப்பாவின் கை ராசியைச் சொன்னேன். டை பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டில் ஒன்று என்றார். மீதி இருபதை ரொக்கமாக வாங்கி மறைக்கிறீர்கள், அல்லது வசூலிக்கத் தெரியாமல் ஊருக்குக் கடன் கொடுக்கிறீர்கள். மறைத்தால் கடன் கிடையாது. வசூலிக்கத் தெரியாவிட்டாலும் கிடையாது. அத்தோடு நூறுக்கும் வரி கட்ட வேண்டி வரும் என்பதையும் இலவசமாகச் சொல்லி அனுப்பினார். வாங்காத இருபதுக்கு வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை, பல் டாக்டர் கையில் போனைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். வாயைத் திறந்தவர்கள் மத்தியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், அன்றைக்குத் தன் வாயைத் திறந்தார். அவர் பின்னால் முடிதிருத்தும் கடைக்காரர். அவர் பின்னால் சாப்பாட்டுக் கடை அம்மாள். பிறகு மாலை வரை ஒவ்வொருவராக.

மரம் வேலை செய்திருந்தது. விதையில் வெறும் கணக்கு மட்டும்தானாம். செடியில் கணக்கோடு படங்கள். மரத்தில்தான் 'தானியங்கி வசூல் நினைவூட்டல்' இருந்தது. பாக்கி நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது கடிதம் அனுப்பியிருந்தது. தங்கள் நிலுவையை ஏழு நாட்களுக்குள் செலுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம், தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். பேசி முடித்து, பணம் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போன அறுபத்து மூன்று பேருக்கு. அதில் நாலு பேர் அக்காவோடு சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் எங்கள் பெரியண்ணன். கல்லாவுக்குப் பக்கத்தில் போடும் ஸ்டூலுக்குப் போன வருடம் யார் மூலமாகவோ உறை மாற்றி வாங்கியிருக்கிறார். அதுவும் பேரம் பேசி.

நான் அந்த விற்பனையாளுக்குப் போன் போட்டேன். அந்த வசதியை நிறுத்த வேண்டும் என்றால் செடிக்கு இறங்க வேண்டும், இறங்குவதற்குக் கட்டணம் உண்டு என்றான். நல்ல வியாபாரி. கெட்டவன், ஆனால் நல்ல வியாபாரி.

அன்று மாலையும் அக்கா வேலையில்தான் இருந்தாள். பல் டாக்டர் நாற்காலியின் தலைப்பகுதியை மடியில் வைத்துப் பழைய ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஊசி, இன்னொரு ஊசி, தகர டப்பாவில் டக், டக். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"டேய், நீ மலிவா வாங்கினது எதுவும் என் வீட்ல ஒரு வருஷம் நின்னதில்ல. உன் மிக்சி, உன் குடை, உன் டாக்டர். இப்ப இது. நாளைக்கு நான் தனியாப் போறேன். நீ வராத."

போனாள். சலவைக் கடைக்கு மேலே. என்ன நடந்தது என்று பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். கறார் அம்மா உட்காரச் சொல்லி, முழுக் கதையையும் கேட்டு, அவசர வேலை என்பதால் இரண்டாயிரம் அல்ல, இரண்டாயிரத்து அறுநூறு என்றாராம். அக்கா பையைத் திறந்து எடுத்து வைத்தாள். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. எங்கள் வம்சத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் அவள்தான். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

கறார் அம்மா பணத்தை எண்ணி உள்ளே வைத்துவிட்டுச் சொன்னது இதுதானாம்:

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் படியில நின்னது தெரியும்மா. நான் கூப்பிட்டிருந்தா, ஒவ்வொரு மாசமும் வந்து படியில நிப்பீங்க."

பிறகு வேலையில் இறங்கினார்கள். எந்த நாற்காலிக்கு எவ்வளவு எழுதி எவ்வளவில் முடிந்தது என்பது அக்காவுக்கு மனப்பாடம். அவளுக்கு ஆட்களின் பெயர் மறக்கும், பிறந்த நாள் மறக்கும், பேரம் மறக்காது. அவள் சொல்லச் சொல்ல, கறார் அம்மா பேங்கில் விழுந்த தொகையோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு பில்லுக்கும் 'பேரத்தில் விட்டது' என்று ஒரு தனிக் கட்டம் போட்டு எழுதினார். டையின் சிஸ்டத்தில் இல்லாத கட்டத்தை அவர் ஒரு ஸ்கேலும் பேனாவும் வைத்துப் போட்டுவிட்டார். ஆனால் கட்டம் போட்டால் மட்டும் போதாது, அவ்வளவு விட்டது உண்மை என்று வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். அந்த வேலைக்குத்தான் அக்கா என்னை மன்னித்தாள். நடக்கக் கால் வேண்டுமே.

அறுபத்து மூன்று பேரிடமும் நான் அலைந்தேன். மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பு எவ்வளவு குறைவு என்பது ஊருக்கே தெரியும். அந்த இரண்டு வாரத்தில் அதுவும் போய்விட்டது. என் பேரில் பாக்கி இல்லை, எல்லாம் கொடுத்துவிட்டேன் என்ற சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஓடிவந்து போட வேண்டியதுதானே. போட மாட்டேன் என்றார்கள். அக்காவுக்கு அவசரம் என்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். பல் டாக்டர் கையெழுத்துக்கு ஒரு தலையணைக் குஷன் இலவசமாகக் கேட்டார். சாப்பாட்டுக் கடை அம்மாளுக்கு நாலு ஸ்டூல்; பேசிப் பேசி ஒரு ஸ்டூலில் நிறுத்தினேன். முடிதிருத்தும் கடைக்காரர் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, டாக்டருக்கு எவ்வளவு விட்டிருக்கிறாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்கு விட்டதைவிட அதிகம்தானே என்றார். அதற்கு இரண்டு கைப்பிடி உறை செலவானது. பெரியண்ணன் மட்டும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கூடம் எப்போது காலி செய்கிறாள் என்று மட்டும் விசாரித்தார்.

எல்லாச் சீட்டும் சேர்ந்தபோது கெடுவில் பத்தொன்பது நாள் மிச்சம். கறார் அம்மாவின் கட்டணம், இலவசக் குஷன்கள் எல்லாம் போக, இடையில் வந்த கூலியைச் சேர்த்தும், அக்காவின் இருபதாயிரம் சுருங்கிச் சரியாகப் பதினெட்டாயிரத்தில் நின்றது.

எந்த பேங்குக்குப் போவது என்ற கேள்விக்கும் கறார் அம்மாவே பதில் சொன்னார். கண்ணாடி பேங்கில் தொழில் கணக்கு இலவசம். ஆனால் ரொக்கம் போட்டால் கட்டணம், எடுத்தால் கட்டணம், வாசலில் இருக்கும் ஆளிடம் பேசினால்கூட ஒருநாள் கட்டணம் வரும். அக்காவிடம் வருகிற பணத்தில் பாதி ரொக்கம். அதனால் ரொக்கத்துக்குக் கட்டணம் இல்லாத இடம், போன் செய்தால் மனிதன் எடுக்கிற இடம், குறுகிய சந்துக்குள் நடந்து வந்து கூடத்தைப் பார்க்கத் தயங்காத மேலாளர் இருக்கிற இடம். இந்த மூன்றும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வெறும் மேலுறை என்றார். அப்படி ஒன்று பின் தெருவில் இருந்தது. வாசலில் பெயர்ப் பலகையின் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. நான் அதுவரை அதைப் பூட்டிப் போன வட்டிக்கடை என்று நினைத்திருந்தேன்.

மேலாளர் ஒரு பருத்த மனிதர், அரைத்தூக்கக் கண். வீட்டுச் செலவையும் தொழிலையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பியதற்காக அக்காவைத் திட்டி, முதலில் தொழிலுக்கென்று தனி நடப்புக் கணக்கு ஒன்றைத் திறக்க வைத்தார். கறார் அம்மாவின் ஏட்டை முக்கால் மணி நேரம் படித்தார். மறுநாள் சந்துக்குள் வந்து, தூணைச் சுற்றி ஒருமுறை நடந்து, கம்ப்ரசரை ஓட விடச் சொல்லிக் கேட்டார். அறுபதாயிரம் தரலாம் என்றார். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது, கூடத்தின் மதிப்பும் அக்காவின் வருமானமும் அவ்வளவுதான் தாங்கும் என்றார். வட்டியைச் சொன்னார். எனக்கு நாக்கு அரித்தது. அரை சதவீதம் என்று வாயெடுத்தேன். அக்கா, மேலாளருக்குத் தண்ணீர் வாங்கி வா என்று என்னை வெளியே அனுப்பினாள். மேசைமேல் தண்ணீர் இருந்தது. அரை சதவீதம் குறைத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

அறுபதும் பதினெட்டும் எழுபத்தெட்டு. முதலாளி கேட்டது தொண்ணூறு. பன்னிரண்டாயிரம் இடிக்கிறது. கெடு முடிய ஐந்து நாள்.

இதுதான் என் களம் என்று நான் தயாரானேன். ஐம்பத்தைந்தில் தொடங்க வேண்டும், கூரை ஒழுகுவதைக் காட்ட வேண்டும், வெளியூரில் வேறு இடம் பார்த்துவிட்டதாகப் பொய் சொல்ல வேண்டும். அக்காவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முதலாளி வந்து உட்கார்ந்ததும், அவள் செய்த முதல் காரியம், பேங்க் கொடுத்த கடிதத்தையும் தன் பேங்குப் புத்தகத்தையும் எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்ததுதான்.

"இதுல அறுபது. இதுல பதினெட்டு. மொத்தம் இவ்வளவுதான் அண்ணே என்கிட்ட இருக்கு," என்றாள்.

கையில் இருப்பது இவ்வளவு என்று விற்கிறவனிடமே காட்டுகிற பெண்ணை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எழுபத்தெட்டு இருக்கிறதென்றால் எண்பத்தெட்டு எங்கோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் படித்த படிப்பு. எண்பத்தெட்டு என்றார். அக்கா எழுந்து போய் ஒரு நாற்காலிச் சட்டத்தில் ரெக்சினை இழுத்துப் பிடித்து அடிக்கத் தொடங்கினாள். டப், டப், டப். அவர் எண்பத்தாறு என்றார். டப். எண்பத்து நாலரை, அதுவும் உங்கள் முகத்துக்காக. டப். வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிச் சொன்னார். அக்கா நாற்காலியைத் திருப்பி மறு பக்கம் அடித்தாள். நகையை வைத்துக் கொடுக்கலாமே என்றார். நகையெல்லாம் இந்தக் கம்ப்ரசர் வாங்கின அன்றைக்கே போய்விட்டது என்று மட்டும் பதில் வந்தது. அண்ணனிடம் கேட்கலாமே என்றார். அதற்கு டப் கூட வரவில்லை.

மனிதர் தவித்துப்போனார். பேரம் பேச எதிரே ஒரு ஆள் வேண்டும். முகம் சுளிக்க, பொய் சொல்ல, எழுந்து நடக்க. அங்கே இருந்தது ஒரு காகிதம். காகிதம் முகம் சுளிக்காது. அதில் அறுபது என்று அச்சடித்து, முத்திரை குத்தி, மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசியில் முதலாளி என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீயாவது ஒரு விலை கேளுப்பா. நாலு வார்த்தை பேசினாத்தானே நான் இறங்க முடியும். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைதானே நீ?"

பாவமாக இருந்தது. எனக்கும் பேச ஆசைதான். ஐம்பத்தைந்து என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஐம்பத்தைந்து என்று நான் சொன்னால் காகிதம் பொய்யாகிவிடும். காகிதம் பொய்யென்றால் அவர் எண்பதுக்குக் கீழே இறங்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் செய்த பேரங்களிலேயே அதுதான் கஷ்டமானது, அதில் ஒரு வித்தையும் இல்லை.

அவர் மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் வாசல் வரை போய், யாரும் கூப்பிடாததால் தானே ஏதோ காரணம் சொல்லித் திரும்பினார். மூன்றாவது முறை காரணம் சொல்லக்கூட இல்லை. அவர் மகள் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போகிறாள், அவரும் கூடப் போகிறார், இந்தத் தூணை யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அப்போதுதான் வாயிலிருந்து விழுந்தது. வரிசை என்றாரே, அந்த வரிசையில் நின்றது அவர் ஒருவர்தான்.

எழுபத்தெட்டுக்கு முடிந்தது. பத்திரம் எழுதும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் காதில் குனிந்து சொன்னார்:

"உங்க அக்காகிட்ட வியாபாரம் பண்றது பத்திய சாப்பாடு மாதிரி இருக்குப்பா. வயித்துக்குப் போகுது, ருசியே இல்ல."

அந்த ஒரு விஷயத்தில் அந்த ஆளோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. விற்றவர் முகத்தில் வென்ற திருப்தி கிடையாது, வாங்கியவள் முகத்தில் ஏமாற்றிய திருப்தி கிடையாது. இதற்குப் பெயர் வியாபாரமா?

சாவியைத் தர அவர் கூடத்துக்கு வந்தார். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது பதினோரு வருடமாக அவர் போட்ட சட்டம். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் சந்தின் முனையைத் தாண்டியிருக்க மாட்டார், அக்கா சுத்தியலை எடுத்து, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், கண் உயரத்தில், நாலு அங்குல ஆணி ஒன்றை அடித்தாள். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதில் எதை மாட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

"இன்னும் யோசிக்கலை," என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்தாள்.